இன்னும் ஒரு பிரசவம்

லண்டனில் டாக்டர் படிப்பு முடிய ஜெயபாக்கியத்துக்கு இன்னும் ஒரே வருஷம்தான் இருந்தது. தகப்பனுக்குப் பக்கவாதம் என்று தந்தி போனதும் கப்பலேறிப் போடிக்கு வந்துவிட்டாள். ஏலக்காய்க்கடைத் தங்கபாண்டியன் மூன்றே மாதத்தில் எழுந்து, காய் தரம் பிரிக்கிற பெண்களைப் பழையபடி வையவும் தொடங்கிவிட்டார். மகள்தான் புறப்பட்ட பாடில்லை.

காரணம் தாய் ரெபேக்காள். போகாதே என்று அந்த அம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். பக்கத்துத் தெரு இருளம்மாளுக்குப் பிறக்கட்டும், அப்புறம் போ என்றாள். பிறந்தது. உடனே செல்லக்கிளிக்கு எட்டாம் மாதம். செல்லக்கிளி எழுந்து நடமாடுவதற்குள் சிலமலையிலிருந்து ஒருத்தி வண்டியில் வந்து இறங்கினாள். போடியில் எவளுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பது அவள் புருஷனுக்குத் தெரியுமுன்னே ரெபேக்காளுக்குத் தெரியும். கிணற்றடியிலோ சர்ச்சு வாசலிலோ மடக்கி, "எம் மக பாத்துக்கிடுவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

அக்டோபர் முதல் தேதிக்குள் வராவிட்டால் இடம் கிடையாது என்று காலேஜிலிருந்து கடிதம் வந்தபோது ஆகஸ்டு பாதி போயிருந்தது.

அந்த வாரம் குரங்கணியிலிருந்து மொக்கையன் தன் பெண்டாட்டியை டோலியில் வைத்துக் கொண்டுவந்தான். குழந்தை குறுக்கே கிடந்தது. ஜெயபாக்கியம் அதைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தாள்; சிக்கல் பிரசவத்தில் கைப்பழக்கம் எல்லாம் கடைசி வருஷத்தில்தான். மருத்துவச்சி ஒச்சம்மாள் அவளை ஒதுக்கிவிட்டு, எண்ணெய்க் கையால் வயிற்றை நீவி நீவிப் பிள்ளையைத் திருப்பினாள். இரண்டு உயிரும் பிழைத்தன. மறுநாள் ஊரெல்லாம் லண்டன் டாக்டரம்மாவின் கைராசி என்றே பேச்சு. ஒச்சம்மாள் அதை மறுக்கவும் இல்லை, வெற்றிலையை மென்றபடி சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஜெயபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் ரெபேக்காள் தாலிக்கயிற்று மஞ்சள்கூட மங்காத ஒரு புதுப்பெண்ணைக் கையோடு அழைத்துவந்தாள். எத்தனை மாதம் என்று ஜெயபாக்கியம் கேட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு நாள் என்றது தலைகுனிந்திருந்த பெண்.

அவளை அனுப்பிவிட்டு ஜெயபாக்கியம் பெட்டியை இழுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். நிலைப்படியில் வந்து நின்றாள் ரெபேக்காள்.

"நானே மாசமா இருந்தா இருப்பியாடி?"

ஐம்பதைத் தாண்டிய தாயை மகள் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கைக்குக் கேட்ட முகமாக இல்லை.

"உம் பிள்ளையும் குறுக்க கெடந்தா என்னம்மா செய்வேன்? ஒச்சம்மாளத்தான கூப்பிடணும். அதுக்கு நான் எதுக்கு?"

ரெபேக்காள் தெருவில் இறங்கி, மகள் கப்பலுக்குப் போக அம்மையநாயக்கனூர் ரயிலடிக்கு வெரசா ஒரு வண்டி வேணும் என்று வண்டிக்காரச் சுருளிவேலிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

ஆனால் மறுநாள் காலையில் வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. ஜெயபாக்கியத்துக்கு அதிலும் கோபம். உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டு வரலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போனால், அம்மா பக்கத்தில் எவளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று பயம்.

வண்டியை ஓட்டச் சொன்னாள்.