இல்லாத கட்டி

அரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில் ராஜமேரி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காது மடல் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. அவள் கணவர் மதலைமுத்துதான் நிலைகொள்ளாமல் நாலு எட்டு வைப்பதும் திரும்புவதுமாக இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். டாக்டருக்கே யோசனை சொல்லும் தகுதி தமக்கு உண்டு என்று நம்பியவர்.

"ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் புடிச்சு ஒரு தையல் போட்டா முடிஞ்சுதுங்களே சார். எதுக்குங்க இம்மாம் நேரம்?"

"கிழிஞ்ச ஓரம் ரெண்டும் தனித்தனியா ஆறி, மேல தோல் மூடியிருக்கு. அப்படியே தச்சா ஒட்டாது. ஓரத்த லேசா சீவிப் புதுப்புண்ணாக்கித்தான் சேக்கணும். நேர்க்கோடா தச்சா மடலுக்குக் கீழ பள்ளம் விழும், அதனால வளைச்சு வளைச்சுத் தைக்கறேன்," என்றார் டாக்டர் தலை நிமிராமல். "ஏழெட்டு நாள்ல தையல் பிரிக்கலாம். மூணு மாசம் கழிச்சுத் தழும்பை விட்டுத் தள்ளிக் காது குத்திக்கட்டும். இனிமே கனமா எதையும் மாட்டவேண்டாம்."

"மூணு மாசமா? மக கல்யாணத்துக்கு மூணு வாரந்தானுங்க இருக்குது."

"கல்யாணம் மகளுக்குத்தானே?"

மதலைமுத்துவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. மகள் சகாயமேரியின் நிச்சயதார்த்தத்துக்கு இண்டூர் போனபோது, மனைவியின் காதில் காதுக்கு ஒரு பவுன் என்று ஜிமிக்கி மாட்டவைத்தவர் அவர்தான். ஜிமிக்கி அவருடைய தங்கச்சியுடையது. கௌரவம் மட்டும் அவருடையது. ராஜமேரியின் காதுத் துளை பல வருஷமாக நீண்டு நீண்டு, ஒரு நூல் தோலில் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை விளையாட்டாக இழுத்ததில் அந்த நூலும் போயிற்று. சம்பந்திக்குத் தெரியக் கூடாது என்று ஒன்றரை மாதம் முக்காடு போடச் சொன்னார். அதற்கு மேல் முடியாமல்தான் கிளினிக்.

வெளியே வந்ததும் கம்பவுண்டரிடம், மருத்துவச் செலவை ஆபீஸில் திரும்ப வாங்குவதற்கான பாரத்தை நீட்டினார். கம்பவுண்டர் 'நோயின் பெயர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிழிஞ்ச காது மடல்னு எழுதட்டுங்களா?"

"எழுதினா எவன் பாஸ் பண்ணுவான்?"

எவனும் பண்ண மாட்டான் என்பது மதலைமுத்துவுக்குத் தெரியும். பண்ணாத அந்த எவனும் அவரேதான். மேலிடத்திலிருந்து வந்த பட்டியல் ஒன்று அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. எந்த நோய்க்குப் பணம் உண்டோ அதற்கெல்லாம் ஒரு எண் உண்டு. எண் இல்லாத நோய், அரசாங்கத்தைப் பொறுத்தவரை, வரவே இல்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பல்வலிக்காரனையும் தோலில் படை வந்தவனையும் அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். காது கிழிந்தது அழகுச் சிகிச்சையில் சேர்த்தி. எண் கிடையாது.

"அடிபட்டதுன்னா போலீஸ் பேப்பர் கேப்பாங்க," என்று கம்பவுண்டர் யோசித்தார். "காதுல கட்டி, வெட்டி எடுத்ததுன்னு போடலாமுங்க. அதுக்கு நம்பர் இருக்குதுங்க. கட்டின்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாவம்னு கையெழுத்துப் போட்டுருவாங்க."

டாக்டர் வெற்றுப் பாரங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைக்கும் வழக்கம் உள்ளவர். அதில் ஒன்றில் கட்டி முளைத்தது. நூற்றைம்பது ரூபாய்த் தையல் அறுநூறு ரூபாய் அறுவைச் சிகிச்சை ஆனது. உள்ளே காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ராஜமேரிக்குத் தனக்கு வந்த நோய் தெரியாது.

கம்பவுண்டர் சொன்னது பலித்தது. அதிகாரி பாரத்தைப் பார்த்து, "சொல்லவேயில்லையேய்யா" என்று வருத்தப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். பில்லைப் பதிவேட்டில் ஏற்றிய இளநிலை எழுத்தர் செபாஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போனான். மதலைமுத்துவின் பங்குக் கோயில்தான் அவனுக்கும். நல்ல பையன். பிறருடைய துன்பத்தை ரகசியமாகச் சுமக்கத் தெரியாத அளவுக்கு நல்லவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சகாயமேரிக்கு இரண்டாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் வாசிப்பார்கள். துணி எடுக்க வந்திருந்த சம்பந்தியம்மாள் இன்னாசியம்மாளும் முன் வரிசையில் ராஜமேரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் ஓலையை வாசித்தார். மதலைமுத்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சாமியார் அடுத்த துண்டுச் சீட்டை எடுத்தார்.

"காதில் கட்டி கண்டு, அறுவைச் சிகிச்சை செய்து, வேதனைப்படும் நம் சகோதரி ராஜமேரிக்காக மன்றாடுவோம்."

கோயில் முழுவதும் உருக்கமாக மன்றாடியது. மன்றாடாமல் இருந்தவர்கள் மூன்று பேர். ராஜமேரி கணவரைப் பார்த்தாள். கணவர் பீடத்தைப் பார்த்தார். இன்னாசியம்மாள் ராஜமேரியின் முக்காட்டைப் பார்த்தாள். செபாஸ்டின் பின் வரிசையில் கண்ணை மூடி எல்லோரையும் விடச் சத்தமாக மன்றாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே இன்னாசியம்மாள் தன் புருஷன் சவரிமுத்துவோடு வந்துவிட்டாள். சவரிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை.

"ஏன் சம்மந்தி, ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? எந்தங்கச்சி இந்தக் கட்டியிலதான் போனா. பரம்பரையா வருமான்னு டவுனுப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கேன். நாளைக்கி உங்க பொண்ணுக்கும் வந்தா எம்பையன் கதி என்னாவறது?"

"கட்டியே இல்லீங்க சம்மந்தி. யாரோ தப்பா..."

"ஆபீஸ் பில்லுலயே இருக்குதுன்னு உங்க ஆபீஸ் பையன் கோயில்ல சொன்னானே?" என்றார் சவரிமுத்து.

ராஜமேரி அதுவரை வாசற்படியில் நின்றிருந்தாள். மடமடவென்று வந்து காதுப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். "நல்லா பாருங்க அண்ணி. ஜிமிக்கி வெயிட்டு தாங்காம கிழிஞ்ச காது. தச்சிருக்குது. அவ்வளவுதான்."

இன்னாசியம்மாள் கிட்டப்போய்ப் பார்த்தாள். "கட்டிய வெட்டி எடுத்தாலும் இப்பிடித்தான தச்சிருப்பாங்க? அப்புறம் எதுக்கு முக்காடு போட்டு மறைச்சீங்க?"

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாந்து தர்றேனுங்க," என்றார் மதலைமுத்து.

"கட்டின்னு போட்டதும் அதே கையெழுத்து, இல்லைங்கறதும் அதே கையெழுத்துன்னா நாங்க எதைய நம்பறது?" சவரிமுத்து எழுந்துகொண்டார். "நோயில்லைன்னு கெவருமெண்டு எழுதிக் கொடுக்கட்டும். இல்லாட்டி மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லி சாமியார்ட்ட சொல்லிக்கறோம்."

அவர்கள் போனபிறகு சகாயமேரி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை, அதுதான் மதலைமுத்துவுக்கு ஆகவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா திரும்பி வந்தார்.

"எனக்கு நோயக் கொண்டாந்து வச்சீங்க, செரி. அவளுக்கும் சேத்து வச்சிட்டீங்களே," என்றாள் ராஜமேரி. சத்தம் போடவில்லை. "அந்தக் காசு இல்லாம நாம சோத்துக்கு நின்னமா?"

பில் அப்படியே இருந்தால் மகளின் கல்யாணம் நிற்கும். பில்லைத் திரும்பக் கேட்டால் இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் போகும். கணக்கில் புலியான மதலைமுத்து இந்தக் கணக்கை மட்டும் விடியும்வரை போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் விடை அறைக்குள் சத்தமில்லாமல் இருந்த பெண்ணாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி முன்னால் போய் நின்று, பில் பொய் என்றார். அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மெமோ கொடுக்க வேண்டி வருமேய்யா" என்றார்.

"கொடுங்க சார். கொஞ்சம் விவரமாக் கொடுங்க."

ஆனால் அந்த அலுவலகத்தில் மெமோ எழுதத் தெரிந்த ஒரே ஆள் மதலைமுத்துதான். மற்றவர்களுக்குப் போன மெமோ எல்லாம் அவர் கைவண்ணம். எனவே தமக்குரிய மெமோவையும் அவரே எழுதும்படி ஆயிற்று. 'தவறான தகவல்' என்று தொடங்கினார், அடித்தார். 'தன் மனைவிக்குக் கட்டியோ வேறு நோயோ எதுவும் இல்லாதிருந்தும், காது மடல் கிழிசலுக்குச் செய்த தையலை, பணம் பெறும் பொருட்டுக் கட்டி எனப் பொய்யாகக் காட்டிய குற்றத்துக்கு' என்று எழுதினார். 'எதுவும்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடும் போட்டார். இவ்வளவு மனமாரத் தம்மேல் குற்றம் சாட்டிக்கொண்டவரை அந்த அலுவலகம் கண்டதில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஊதிய உயர்வு ஒரு வருஷத்துக்கு நின்றது. கோபுர முத்திரை மட்டும் பளிச்சென்று விழுந்தது.

மாலை பஸ்ஸில் மெமோவோடு இண்டூர் போனார். சவரிமுத்து காகிதத்தை மகனிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நோயில்ல, செரி. எங்களுக்கு இது போதும் சம்மந்தி. கல்யாணம் நடக்கட்டும்." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆனா ஊருக்கு? மைக்குல சொன்னதை மைக்குலதான எடுக்கணும்? நாளைக்கி எம்மருமகளப் பாத்து ஒருத்தி வாய்க்குள்ள பேசக் கூடாது பாருங்க."

மூன்றாவது ஓலை வாசித்ததும் சாமியார் மைக்கை விட்டு விலகி நின்றார். மதலைமுத்து எழுந்தார். மைக்குக்குப் போனார். அலுவலகத்தில் நாற்பது பேரை உட்காரவைத்துச் சட்டம் பேசுபவருக்கு மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜமேரி முக்காடு இல்லாமல், காதில் ஒன்றும் இல்லாமல், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"போன வாரம் எம்பொண்டாட்டிக்குக் கட்டின்னு எல்லாரும் மன்றாடினீங்க. கட்டி இல்லீங்க. அவளுக்கு எதுவும் இல்லீங்க. பவுனைக் காட்டறதுக்கு நாந்தான் அவ காதக் கிழிச்சேன். பணம் வாங்கறதுக்கு நாந்தான் நோய எழுதினேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். செபாஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான்.

"சர்க்கார் பணந்தான, யாருக்கு நஷ்டம்னு நெனச்சேன். காகிதத்துல எழுதற பொய்யி காகிதத்தோட நின்னுரும்னு நெனச்சேன். நிக்கலீங்க. எவங்க எழுதினாங்களோ அவங்க வூட்டுக்கே நடந்து வந்து, பெத்த புள்ள கழுத்துல உக்காந்துக்கிச்சு. இல்லாத நோய்க்குப் பில்லுப் போட்டா, அந்த நோய்க்கு உண்டான கஷ்டத்தையும் சேத்துத்தான் வாங்கியாகணும். யாரும் செய்யாதீங்க."

உட்காரப் போனவர் மறுபடி மைக்குக்குத் திரும்பினார்.

"மன்றாடறதுன்னா எனக்காவ மன்றாடுங்க. கட்டி எங்கிட்டதான் இருந்துச்சு."