பளபளக்கக் கூடாத வண்டி

பிறந்த வீட்டு வாசலில் நின்ற வண்டி பளபளவென்று மின்னுவதைப் பார்த்ததும் அன்புச்செல்வி படியிலேயே நின்றுவிட்டாள்.

வேறு யாருடைய மோட்டார் சைக்கிளாவது காலை ஆறரை மணிக்கு அப்படி மின்னினால் பார்ப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். இது அவள் கணவன் பெனடிக்ட்டின் வண்டி. மின்னவே கூடாத வண்டி. கரும்பச்சையில் மேட் பெயின்ட். எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி, எவ்வளவு வெயில் பட்டாலும் துளி பளபளப்பு காட்டாத நிறம். அதற்காகவே அவன் மூன்று மாதம் காத்திருந்து வாங்கினான். மெழுகு போடக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது, தேய்த்த இடம் மினுக்கென்று ஆகிவிட்டால் பழைய நிறம் திரும்பாது என்று கடைக்காரர் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

சேலத்தில் அவர்கள் குடியிருக்கும் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெயில் இறங்கிய பிறகுதான் பெனடிக்ட் வண்டியைத் தொடுவான். ஒரு வாளியில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மண் முழுவதும் வழிந்து போகும்வரை மேலே தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகுதான் துணி. துடைக்கவும் மாட்டான். குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோல ஒற்றி ஒற்றி எடுப்பான்.

அந்த வண்டியின் டேங்க் இப்போது திட்டுத் திட்டாக மின்னியது. ஓர் இடம் கண்ணாடி மாதிரி, பக்கத்து இடம் மங்கல், அதற்குள் வட்டம் வட்டமாகத் தேய்த்த தடம். இடுக்குகளிலெல்லாம் வெள்ளையாக மெழுகு அப்பியிருந்தது.

குழாயடியில் அவளுடைய அப்பா செங்கோடன் குந்தி உட்கார்ந்து, வண்டி துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மூடி திறந்த பாலிஷ் டப்பா. கீழே சோப்புத்தூள் நுரை. முகத்தில், ஒரு நல்ல வேலையை முடித்த மனுஷனின் நிம்மதி.

அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

இரண்டு வருடமாக அவர் மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சூரமங்கலம் மாதா கோயிலில் கல்யாணம் நடந்த அன்று வேண்டுமென்றே திருச்சி போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா பழனியம்மாள் மட்டும் போனில் பேசுவாள். ஊரில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், சேலத்தில் வேலையாக இருக்கிறாள் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வாராம். இப்போது அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். வரச் சொல்லி அம்மா அழைத்தபோது, பெனடிக்ட்டோடு வருவதாக இருந்தால்தான் வருவேன் என்று அன்புச்செல்வி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அம்மா இரண்டு பேரையும் வரச் சொன்னாள்.

நேற்று சாயங்காலம் ஐம்பது கிலோமீட்டர் வண்டியில் வந்து, புதன்சந்தையைத் தாண்டி இந்த வீட்டு வாசலில் இறங்கினார்கள். அப்பா வாசலில்தான் நின்றார். வண்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது என்று மாட்டிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால்காரர் வந்தால்கூட அந்த ஊரில் வாங்க என்பார்கள்.

பெனடிக்ட் அதையும் பொறுத்துக்கொண்டான். ஞாயிறு காலை நாமக்கல் கோயிலில் பூசை பார்த்துவிட்டு அப்படியே சேலம் கிளம்புகிறேன், பத்து நாள் கழித்து உன்னைப் பஸ் ஸ்டாண்டில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான். பஸ் ஸ்டாண்டில். இந்த வீட்டில் அல்ல. இன்றைக்கு இந்த வாசலைத் தாண்டினால் அவன் மறுபடி உள்ளே வரப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவன் வராத வீட்டுக்குத் தானும் வருவதில்லை என்று சொன்ன வாயும் அவளுடையதுதான்.

அவள் அப்பாவிடம் வாயைத் திறப்பதற்குள் பெனடிக்ட் தேய்த்த சட்டையோடு வெளியே வந்துவிட்டான்.

சத்தம் போடவில்லை. டேங்க்கின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தான். விரல் நுனியில் ஒட்டியதைப் பார்த்தான். குழாயடியைப் பார்த்தான். பிறகு திரும்பி உள்ளே போய்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“ரெண்டு வருஷம் பேசலை. சரி. நேத்து வாங்கன்னு கேக்கலை. அதுவும் சரி” என்றான், துண்டை மடித்தபடி. “என்னைத் திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன், அன்பு. வண்டிமேலயா காட்டறது?”

“அவருக்குத் தெரியாது, பென்னி.”

“முப்பது வருஷம் லாரி வெச்சிருந்தவருக்கா?”

அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது. அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. சொந்த அப்பாவைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் வர விட்டாரே என்ற கோபம். குழாயடிக்குப் போய் அவர் கையிலிருந்த பனியன் வேஸ்ட்டைப் பிடுங்கி வாளிக்குள் எறிந்தாள்.

“எதுக்குங்கப்பா அவர் வண்டியத் தொட்டீங்க?”

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த முகம் அது.

“ஏஞ்சாமி, பெயின்ட்டே அடிக்காத வண்டிய எவனோ அவர் தலையில கட்டியிருக்கறான். வெறும் பிரைமரு அது. பாடி கட்ற பட்டறையில லாரி நிக்குமே, அந்தாட்ட இருக்குது. அதையுங் கழுவி, ரெண்டு கை மெழுகு போட்டு, ஒரு மாதிரி பாக்கறாப்புல பண்ணி வெச்சிருக்கறன். டேங்க்ல முகம் தெரிய வேண்டாமா?”

லாரி ஓட்டிய காலத்தில் வடக்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திக் கேபினைத் துடைத்து மெழுகு போட்டுவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவார். முகம் தெரிந்தால்தான் அவருக்கு அது பெயின்ட். அவளுக்கு அது தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது நிச்சயமாகவும் தெரிந்தது. கோபம் அடங்கவில்லை. இன்னும் கூடியது.

“இத்தன வருஷத்துல எங்கள எட்டிப் பாக்கல. இன்னைக்கு மட்டும் என்னங்க அக்கறை?”

அவர் குரலைத் தாழ்த்தினார். அம்மாவின் கண்ணைப் பார்க்கப் பத்து மணிக்கு அவருடைய அண்ணன் கண்ணுசாமியும் அங்காளி பங்காளிகளும் வருகிறார்கள் என்றார். வாசலில் இப்படி ஒரு வண்டி நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார்.

“யார் வண்டின்னு அவிங்க கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?”

செங்கோடன் டப்பாவின் மூடியைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

“சொல்லுங்கப்பா. வண்டி பளபளன்னு நிக்கோணும். ஓட்டிக்கிட்டு வந்த ஆளு யாருன்னு மட்டும் தெரியக் கூடாது. அப்படித்தானுங்களே?”

அதற்குள் பெனடிக்ட் பையோடு வந்து வண்டியின் பூட்டைத் திறந்தான். அவன் பக்கம் பார்த்து, ஆனால் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு, செங்கோடன் சொன்னார்.

“கம்பெனிக்காரன் உங்கள ஏமாத்திப் போட்டானுங்க.”

இரண்டு வருடத்தில் மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பெனடிக்ட் பையைக் கீழே வைத்தான். “யாரும் ஏமாத்தலைங்க மாமா. இது மேட்.”

“மேட்டுன்னா?”

“பளபளப்பு வரக் கூடாதுன்னே செய்யற பெயின்ட்.”

“பளபளப்பு வேண்டாம்னு ஒருத்தன் வண்டி வாங்குவானுங்களா?”

“நான் வாங்கினேன்.”

“சலவையே பண்ணாத சட்டையத் தேடிப் புடிச்சு வாங்கினாப்புலதான்.”

அப்போதுதான் பெனடிக்ட் குரல் உயர்ந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அன்புச்செல்வி கேட்டிராத குரல். கேட்காமல் அடுத்தவன் பொருளைத் தொடுவது எந்த ஊர் நியாயம் என்றான். சோப்புத்தூள் போட்டால் பெயின்ட் என்ன ஆகும் தெரியுமா என்றான். செங்கோடனும் எழுந்து நின்றுகொண்டார். பெயின்ட்டைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றார். மங்கின வண்டியில் பெண்டாட்டியைக் கூட்டி வருகிறவரிடம் பேச்சு எதற்கு என்றார். உங்கள் பெண்ணை நான் நடக்க வைத்தா கூட்டி வந்தேன் என்று அவன் கேட்டான்.

உள்ளேயிருந்து, கறுப்புக் கண்ணாடி போட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்த பழனியம்மாளின் குரல் வந்தது. “கண்ணுல மருந்து உட்டுக்கிட்டுக் கெடக்கறவ நானு. கண்ணு தெரியாம வண்டியத் தடவுனது ஆருங்க?”

அன்புச்செல்வி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள்தான் நடுவில் புகுவாள். இவர் சொன்னதை மெருகேற்றி அம்மா வழியாக அவரிடம், அவர் சொல்லாததைச் சொன்னதாக இவரிடம். இரண்டு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. இன்றைக்கு முடியாது என்று நினைத்தாள். முட்டிக்கொள்ளட்டும். நேருக்கு நேர் முட்டிக்கொள்வதற்குக்கூட இந்த இரண்டு ஆம்பளைகளுக்கும் இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

பெனடிக்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை. கிழக்குப் பார்த்த வாசல். வெயில் முன் சக்கரத்தைத் தொட்டிருந்தது. அவன் டேங்க்கைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், இறங்கிவிட்டான்.

“என்னாச்சுங்க?” என்றார் செங்கோடன், சண்டையை மறந்து.

வெயிலில் சேலம்வரை ஓட்டினால் மெழுகு இறுகிப் போகும், அப்புறம் எடுக்கவே முடியாது, நிழலில் வைத்து இப்போதே கழுவ வேண்டும் என்று அவன் கடுகடுவென்று சொன்னான். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற திரவம் நாலு சொட்டு, நைந்த மெல்லிய துணி. போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து வெள்ளைப் புள்ளி விழும்.

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்து வீட்டின் மேற்குப் பக்க நிழலுக்குத் தள்ளினான். செங்கோடன் யாரும் கேட்காமலேயே பின்னால் கை கொடுத்தார். பிறகு உள்ளே போய், குடிக்கப் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை இரண்டு குடமும் தூக்கி வந்தார். நாளை மறுநாள்தான் குழாயில் தண்ணீர் வரும், குடிக்க என்ன செய்வது என்று பழனியம்மாள் கேட்டதற்கு, ஆளுக்கு ஒரு வேளை குடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார். அம்மா சொல்லியபடி அன்புச்செல்வி ஒரு பழைய நூல் புடவையைக் கிழித்து, இருவர் முகத்தையும் பார்க்காமல் நடுவில் எறிந்துவிட்டு வந்தாள்.

“அழுத்தாதீங்க மாமா” என்று பெனடிக்ட்டின் குரல் கேட்டது. “தேய்க்கவும் வேண்டாம். ஒத்தி எடுங்க.”

“இப்படி ஒத்துனா பொழுது சாயற வரைக்கும் ஒத்தோணும்.”

“ஒத்துங்க.”

பத்து மணிக்குச் சற்று முன்பே, மற்ற பங்காளிகளை முந்திக்கொண்டு, பெரியப்பா கண்ணுசாமி ஆரஞ்சுப் பழப் பையோடு வந்துவிட்டார். வீட்டுப் பக்கச் சந்தில் தம்பி குந்தி உட்கார்ந்து வண்டியின் அடிப்பக்கத்தை ஒற்றிக்கொண்டிருப்பதையும், எதிரே முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிய ஒருவன் சொல்லச் சொல்ல அவர் செய்வதையும் பார்த்து நின்றார்.

“ஏஞ் செங்கோடா, ஆரு வண்டி இது?”

அன்புச்செல்வி அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தாள். அப்பாவின் கை நின்றதைப் பார்த்தாள். வாய் திறந்ததையும் பார்த்தாள்.

“சேலத்து வண்டிங்ண்ணா” என்றார் செங்கோடன்.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரண்டி கையிலேயே இருந்தது.

“என்ற ஊட்டுக்காரரு வண்டிங்க, பெரியப்பா. பேரு பெனடிக்ட். ரயில்வேல வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க.” அப்பாவின் பக்கம் திரும்பினாள். “நான் அம்மாவுக்கு மருந்து உட்டுட்டு இவரோடயே கெளம்பறேனுங்க. அம்மாவை சேலத்துக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். இந்த வாசல்ல எந்த வண்டியும் நிக்காது. ஆரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

பெரியப்பா ஆரஞ்சுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பெனடிக்ட் எழுந்து, வேண்டாம் என்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் அவனையும் முறைத்தாள்.

செங்கோடன் மெதுவாகத் தரையில் கையூன்றி எழுந்தார். முழங்காலில் ஈரம் சொட்டியது. அவருக்கும் கோபம்தான்; யார்மேல் என்று தெரியாத கோபம். அது அண்ணன்மேல் போய் விழுந்தது.

“அதான் சொல்றாளல்லோ, கேக்குதுங்களா? மாப்பிள்ளை வண்டி. மாப்பிள்ளை இவரு. வண்டியக் கெடுத்துப் போட்டது நானு. இன்னும் என்னென்ன கேக்கோணுமோ எல்லாத்தையும் இப்பவே கேட்டுப்போட்டு உள்ள போங்க.”

கண்ணுசாமி பெனடிக்ட்டைப் பார்த்து, “நல்லா இருக்கறீங்களா” என்றார். அவன் கும்பிட்டான். அவர் உள்ளே போய்விட்டார்.

அன்புச்செல்வியும் உள்ளே போய் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். அப்பா சொன்னதைக் கேட்டாயா என்று அம்மா கிசுகிசுத்தாள். கேட்டேன், நான் கத்திய பிறகுதானே சொன்னார் என்றாள் அவள். பையை எடுத்து வைக்கவில்லை. ஆனால் மனசு ஆறவும் இல்லை. குக்கர் மூடியை வேண்டியதற்குமேல் சத்தமாக வைத்தாள்.

ஜன்னல் வழியே இருவர் பேச்சும் கேட்டது. டேங்க்கின் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மினுக்கு போகவில்லை. இனிப் போகாது என்றான் பெனடிக்ட். மற்ற இடங்களில் இன்னும் இரண்டு கழுவலில் சரியாகலாமாம். மீதி மெழுகைச் சாயங்காலம் ஒரு தடவை எடுக்க வேண்டும் என்றான். அப்படியானால் மத்தியானம் எங்கே போகிறீர்கள், சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் போங்கள் என்றார் செங்கோடன். காலை ஷிப்ட் இருக்கிறது என்று அவன் இழுத்தான். விடிகாலையில் எழுப்பிவிடுகிறேன் என்றார் அவர்.

பிறகு பெண் கேட்டு வந்தவனிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, இரண்டு வருடம் தாமதமாக வந்தது.

“உங்க கூடப் பொறந்தவிங்க எத்தன பேருங்க?”

“ரெண்டு அக்கா, மாமா. ஒருத்தங்க தம்மம்பட்டியில டீச்சர். மூத்தவங்க சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்காங்க. பேரு அக்சிலியா.”

“அச்...?”

“அக்சிலியா.”

“அக்கிசிலியா.”

“இல்லைங்க மாமா. அக்... சிலியா.”

மூன்றாவது தடவையும் அவர் தப்பாகத்தான் சொன்னார். பெனடிக்ட் விடவில்லை, டேங்க்கை ஒற்றச் சொன்ன அதே கண்டிப்போடு மறுபடி சொல்லிக் கொடுத்தான். அன்புச்செல்வி இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள்.