மீசையில்லாத பூச்சாண்டி

மனைவி போனபிறகு பிச்சையாவுக்கு வீட்டில் டிவிதான் பேச்சுத்துணை. தெருவில் ஒரு குழந்தையையாவது கொஞ்சலாம் என்றால் எது கிட்டே வரும்? காதுவரை மீசை. புதூர்ப் பக்கத்து நிலத்திலிருந்து மக்காச்சோளக் கதிர் கொண்டுவரும் சாக்கு தோளில். தாய்மார்களுக்கு வேறென்ன வேண்டும்?

எதிர்வீட்டுச் சத்யபிரியா கதை சொல்லித்தான் மகள் வள்ளிமயிலுக்குச் சோறூட்டுவாள். சாப்பிடாத பிள்ளைகளைச் சாக்கில் அள்ளிப்போகும் பூச்சாண்டிக்குக் கதையில் பேர் கிடையாது. பேர் எதற்கு, ஜன்னல் வழியே விரலை நீட்டினால் போதாதா?

அன்று காலை பிச்சையாவைக் கண்டதும் குழந்தை வீறிட்டு ஓடியது. மனிதர் நேராகச் சலூனுக்குப் போனார். கல்யாணத்துக்கு முந்தி வைத்த மீசை போயிற்று. திரும்பி வருகையில், வாசல் பெருக்கியவர்கள் பெருக்குவதை மறந்து நின்றார்கள்.

மத்தியானம் எதிர்வீட்டுக் கதை வழக்கம்போல அவர் காதில் விழுந்தது.

"ஏம்மா, பூச்சாண்டி சாப்பிட்டானா?" என்றது குழந்தை.

"அவனுக்கு யாரு போடுவா?" என்று சத்யபிரியா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வள்ளிமயில் கிண்ணத்தோடு பிச்சையாவின் படியில் நின்றது. பின்னாலேயே அம்மா.

பிச்சையா ஆசையாகக் கை நீட்டினார். குழந்தை கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"நீங்க யாரு? இது பூச்சாண்டிக்கு."

"நாந்தான் தாயி அது."

"அவனுக்கு மீசை இருக்கும்." உதடு பிதுங்கியது. "அவன் பசியோட இருப்பான்."

"அண்ணாச்சி, இவ சும்மா..." சத்யபிரியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிச்சையா அவளைப் பார்க்கவில்லை. சாக்கிலிருந்து ஒரு கதிரை எடுத்தார். நுனியில் தொங்கிய குஞ்சத்தைப் பிய்த்து மூக்கடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை ஓரடி பின்வாங்கியது. உற்றுப் பார்த்தது. பிறகு ஒரு கவளம் உருட்டி, எக்கி நீட்டியது.

"சாப்பிட்டுட்டு யாரையும் பிடிக்கக் கூடாது, என்ன?"

பிச்சையா ஒரு கையால் மீசையைப் பிடித்தபடி தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தார். பருப்புச் சோறு. உப்புக் கூடுதல், அது சத்யபிரியாவின் கைப்பக்குவமா, இவர் கண்ணீரா என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை.

மீசை இப்போது பாதி வளர்ந்துவிட்டது. நேற்று எதிர் ஜன்னலிலிருந்து சத்யபிரியா கெஞ்சினாள்: "அண்ணாச்சி, இவ சாப்பிட மாட்டேங்கா. லேசா ஒரு உறுமல் உறுமுங்களேன்!"

"முடியாது தாயி. அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."