எல்லா வீட்டிலும் ஓர் உசு

எங்கள் பக்கத்தில் வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாலும் கூப்பிடுவது உசு என்றுதான். தெருவில் நின்று "உசு" என்று ஒரு சத்தம் போட்டால் பல் போன கிழவரும் எட்டிப் பார்ப்பார், கைக்குழந்தையும் விழித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு உசு மட்டும் சுல்தானின் தங்கை.

கதை விடவில்லை. தெங்கு என்ற ராஜ பட்டத்தோடு ஸாவியா பிறந்த வாரம் அவளைப் பெற்ற அரசி ஜன்னியில் படுத்துவிட்டார். அதே வாரம் என் அம்மா, பிறந்த மகனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பால் கட்டிய மார்போடு துடித்துக்கொண்டிருந்தாள். அரண்மனைக் கார் வந்து மஞ்சள் பட்டில் சுற்றிய குழந்தையை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனது. ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான், மார்க்கமே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே அவள் என் தங்கை. இடுப்பில் சுமந்தேன், பேன் பார்த்தேன், மாங்காய் திருடும்போது மரத்தடியில் காவலுக்கு நிறுத்தினேன். இதை எழுதும்போது அவள் என்றே எழுதுகிறேன். இங்கே என்னை அதட்ட, டத்தோ பட்டம் வாங்கிய எந்த அரண்மனை அதிகாரியும் இல்லை.

பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளைக் கூட்டிப்போக மறுபடி கார் வந்தது. கூட வந்த அதிகாரி அம்மாவிடம், "இன்னையிலேருந்து தெங்குன்னுதான் கூப்பிடணும். பழைய பேரு வாயில வந்துச்சுன்னா துலா புடிக்கும்" என்றார். ராஜ ரத்தத்தை அவமதித்தால் வருகிற சாபத்துக்குப் பெயர் துலா. அம்மா தனக்காகப் பயப்படுகிறவள் அல்ல. சாபம் குறி தவறி அந்தப் பிள்ளையின் மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். அன்றோடு உசு என்ற சொல் எங்கள் வீட்டில் செத்தது.

அதற்குப் பிறகு பெருநாள்தோறும் அவள் வருவாள். அம்மா இரண்டு கைகளையும் கூப்பி நெற்றிக்கு உயர்த்தி, "அடியேன் வணங்குறேன் தெங்கு" என்பாள். பால் கொடுத்தவள் அடியேனாம். எனக்கு வயிறு எரியும். அவள் முகத்தைப் பார்த்தால் அந்த எரிச்சலும் அடங்கிப்போகும். யானை வாயில் போன கரும்பை யார் மீட்டது?

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாநிலத்து வெள்ள நிவாரணச் சங்கத்தைக் கட்டிக்கொண்டாள். எந்த ஆறு பொங்கினாலும் முதல் படகில் அவள் இருப்பாள். நிறைமாதக்காரிகளைக் கூரையிலிருந்து கைத்தாங்கலாக இறக்குவாள். முகாமுக்கு வந்ததும் முதலில் கேட்பது, "பால் குடுக்கிற அம்மாக்களுக்கு மறைப்பு கட்டியாச்சா?" என்றுதான். ஊர்க்காரர்கள் பெரிய மனசு என்றார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் நோன்பு மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். தங்கை அப்போது ஏதோ மாநாட்டுக்காக வெளிநாட்டில் இருந்தாள். ஓடி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கபர் அருகில் டத்தோ ஹுஸ்னி அரண்மனையின் மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவளால் அழக்கூட முடியவில்லை. டத்தோ ஹுஸ்னி அவளுக்கு அரண்மனை வைத்திருக்கும் நிழல். யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு.

வருடக் கடைசியில் ஆறு வழக்கம்போல ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடம் முகாமானது, நான் சமையலுக்கு நின்றேன். அவள் வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்து, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அண்டாவில் சோறு கிண்டிக்கொண்டிருந்தவன் டோலா. பத்துப் பிள்ளைகளில் கடைசி. ஆள் மலை மாதிரி, ஆனாலும் ஊருக்கே உசு.

வாசலிலிருந்து கிழங்கு மூட்டையோடு வந்த ஒருத்தி கத்தினாள். "உசு! எங்க செத்த? இதைப் புடி!"

"ஓய்!" என்று பதில் வந்தது.

டோலா வாயே திறக்கவில்லை. பதில் சொன்னது தெங்கு ஸாவியா. பாதி எழுந்து, கையில் வெங்காயத்தோடு நின்றாள். அத்தனை கரண்டிகளும் நின்றன. மூட்டைக்காரி முகம் வெளிறி, மூட்டையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். "மன்னிக்கணும் தெங்கு, அடியேன் இவனைத்தான்... இந்தத் தடியனைத்தான்..."

"தெரியும். எழுந்திருங்க" என்று சிரித்தாள் அவள். டத்தோ ஹுஸ்னி இருமினார். கரண்டிகள் மெல்ல ஓடத் தொடங்கின. கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க தெங்கு."

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னன்னு?"

சொல்லியிருக்கலாம் ஒரு பொய். நாக்கு வரவில்லை. "தெங்கு அமுது செஞ்சாங்களான்னு கேட்டாங்க."

சாப்பிட்டாளா என்று கூட இல்லை. அரண்மனைச் சொல். அவள் மூட்டையின் சணலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடைசியிலயுமா?"

"கடைசியிலயும்."

"அப்போ நீ ஒருத்திதான் மிச்சம் அக்கா. நீயும் போயிட்டா அந்தப் பேரு எனக்குன்னு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஒரே ஒரு தடவை கூப்பிடேன்."

வாயைத் திறந்தேன். அம்மாவின் பயம் முந்திக்கொண்டது. அதற்குள் மூட்டைகளுக்கு மேல் மஞ்சள் குடை தெரிந்தது. "தெங்கு, படகு தயார்" என்றார் டத்தோ.

"வரேன்" என்றாள் அவள். அது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

எல்லோரும் பள்ளிப் படிக்கட்டில் தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றோம். கைகளைக் கூப்பி நெற்றிக்கு உயர்த்தினேன், அம்மா செய்ததைப் போலவே. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினாள். குடை விரிந்தது. மோட்டார் உறுமியது. என் பக்கத்தில் டோலா பல் குத்திக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது.

அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்படி கத்தினேன்.

"உசு! சாப்பிட்டியா?"

டோலா துள்ளி விழுந்தான். "ஏன்க்கா காதுக்குள்ள கத்துற? இப்பதான் ரெண்டு தட்டு தின்னேன், நீதானே போட்ட!"

கூட்டம் சிரித்தது. டத்தோவும் திரும்பிப் பார்த்துவிட்டு, சமையல்காரர்கள் சண்டை என்று விட்டுவிட்டார். அவள் திரும்பவில்லை. குடைக்குக் கீழே அவள் தலை மட்டும் மெல்ல ஆடியது, சாப்பிட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் போல.

"வெள்ளத்துல அலையாத உசு! நேரத்தோட வீட்டுக்கு வா!"

"நான் எங்கக்கா அலைஞ்சேன்?" என்றான் டோலா, அழாத குறையாக.

படகு பள்ளிவாசல் வளைவில் திரும்பி மறைந்தது. ஆசை தீரவில்லை எனக்கு. இன்னொரு தடவை கூப்பிட்டேன். டோலாதான் "என்னக்கா?" என்றான்.