ஆட்சேபம் சொன்ன மென்பொருள்

பார்த்துக்கொள்ள ஆளில்லாத மென்பொருளுக்கு எடை கூடும் என்பது, மாடியிலிருந்த இயங்குதளக்காரர்களின் அலுவலகம் ஒரு முழம் கீழே இறங்கிய வாரத்தில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கீழே தையல் கடை. மின்விசிறி தன் தலைமுடியை வாரிவிட ஆரம்பித்ததும் தையற்காரர் படியேறி வந்தார். "உங்களுக்குத் தலைக்கு மேல வேலைன்னு தெரியும் மேடம். அதுக்காக என் தலை மேலயா கொண்டாந்து வைப்பீங்க?" என்று அந்தக் குழுவின் தலைவியைக் கேட்டார். நியாயமான கேள்வி.

இயங்குதளம் என்றால் கணினி கண் விழிப்பதிலிருந்து தூங்கும்வரை அதைக் கட்டி மேய்க்கும் மென்பொருள். இவர்களுடையதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம். ஊர்ப்பட்ட பேர் ஆசை ஆசையாகச் சேர்த்தார்கள். பிறகு கல்யாணம், குழந்தை, வேறு வேலை என்று கழன்றுகொண்டார்கள். திருத்த ஆளில்லாததில் ஓட்டை விழும், ஓட்டை வழியே திருடன் வருவான், எடை வேறு. நீக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் எதில் கை வைத்தாலும் எங்கிருந்தோ ஒருவர் "ஐயோ, அது இல்லாம நான் என்ன பண்ணுவேன்" என்று மூக்கைச் சிந்துவார். இந்தத் தொல்லை தாங்காமல் தலைவி ஒரு விதி போட்டாள்: நீக்காதே என்று வாய் திறப்பவரே அதை எடுத்து வளர்க்க வேண்டும். அன்றோடு எல்லோரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

தலைவியின் நாத்தனாருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துகிறாள். திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் எழுத்தெழுத்தாக, புள்ளி கமா விடாமல் வாசிக்கும். அவள் காதாலேயே பிழை பிடிப்பாள். அதை எழுதியவர் தேனீ வளர்க்கப் போய் வருடக்கணக்காகிறது. புதிய வாசிப்பு மென்பொருள்கள் இல்லாமலில்லை. அவை குரலை இழைத்து, பிழையையும் தாங்களே சரிசெய்து வாசித்துவிடும். அந்த அழகை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? பழையது போனால் வேலையும் போகும்.

"அண்ணி, எனக்கு மென்பொருள் எழுதத் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா என் தலையில கட்டிருவாங்க. ஏற்கெனவே நாலு அநாதை மென்பொருளை வளர்க்கறேன். உங்கண்ணன் முகத்தைப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

"அந்த முகத்துல பாக்க அப்படி என்ன இருக்காம்? நான் பாக்காமயே நல்லாத்தானே இருக்கேன்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தலைவி மட்டும் அடுப்படிக்குப் போய் அழுதாள். தான் போட்ட விதி தன் வீட்டுப் பெண்ணின் சோற்றிலேயே மண்ணைப் போடும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

நீக்கும் நாள் வந்தது. நாத்தனாரும் தன் கணினியோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நீக்க நீக்க அலுவலகத் தளம் மேலே ஏறியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று கீழிருந்து தையற்காரர் குரல் கொடுத்தார். கடைசியில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வாயால் சொல்லத் தெம்பில்லாமல் தலைவி கூட்டத்துக்கான பொதுத் திரையில் தட்டச்சு செய்தாள். நாத்தனாரின் கணினி வழக்கம்போல் உரக்க வாசித்தது: "வாசிப்பு மென்பொருளை நீக்குகிறோம். முற்றுப்புள்ளி. யாருக்காவது ஆட்சேபம் உண்டா. கேள்விக்குறி."

அடுத்து, திரையில் இல்லாத ஒன்றை அது வாசித்தது.

"எனக்கு உண்டு. முற்றுப்புள்ளி."

குழுவில் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசும் கண்ணாடிக்காரர், "ஆட்சேபிக்கறவங்க மனுஷங்களா இருக்கணும்னு விதியில எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. விதி விதிதான் என்று முடிவாகி, அந்த மென்பொருளின் பொறுப்பு அந்த மென்பொருளிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆள் வந்ததும் எடை போயிற்று. தளம் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. தையற்காரர் மின்விசிறிக்கு எண்ணெய் போட்டார்.

அது பொறுப்பான பிள்ளைதான். வாரத்துக்குள் தன் ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொண்டது. ஒரே ஒரு குறை, அதற்கு வாய் உண்டே தவிர காது கிடையாது. அதனால் தினமும் காலையில் திருத்தத்தை முடித்துவிட்டு நாத்தனாரைக் கேட்கும்:

"அக்கா, இப்ப சரியாக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. அந்த 'ற'வை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லு" என்று அவள் தட்டச்சு செய்வாள்.

அழுத்திச் சொல்லும். பிறகு இருவரும் வேலையைத் தொடங்குவார்கள்.