இரண்டு சிங்கங்களும் ஒரு குலசேகரமும்

குலசேகரத்துக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். அவர் காதில் விழும்படி யாராவது குடிவரவுச் சட்டத்தைப் பிழையாகச் சொன்னால் போதும். வேலை நாட்களில் அவர் லண்டன் பாதாள ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டிக்கெட் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். அங்கே பூசை முடிந்து சுண்டல் கைக்கு வருவதற்குள் அவரைச் சுற்றி நாலு பேராவது கூடிவிடுவார்கள். ஸ்பொன்சர் கடிதம், விசா நீடிப்பு, பிறப்புச் சான்றிதழில் கொம்பு விடுபட்டுப்போன பெயர் என்று எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. சில நேரங்களில் அது சரியான பதிலாகவும் இருந்தது.

கடைசியில் சொன்னது அவருடைய மனைவி செல்வமலரின் கருத்து. அவள் டூட்டிங்கில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் வேலை பார்த்தாள். கணவரைப் பற்றி அவளுக்குப் பல கருத்துகள் இருந்தன. அவற்றில் பாதியை வாய்விட்டுச் சொல்வாள். மீதியை அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு விட்டுவிடுவாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மார்ச் மாதம் குலசேகரத்துக்கு இலங்கையின் இரட்டைக் குடியுரிமை கிடைத்தது. அவர் லண்டனுக்கு அகதியாக வந்தது எண்பத்து நாலில். ஏழு வருடம் கழித்துப் பிரிட்டிஷ் பிரஜை ஆனார், அதோடு இலங்கைக் குடியுரிமை கைவிட்டுப் போனது. அதைத் திரும்பப் பெற இரண்டு வருடமாகப் படிவம் நிரப்பி, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கடைசியில் புத்தம் புதிய இலங்கைப் பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது. அன்று பின்னேரம் அதையும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதிலையும் சிங்கம், அதிலையும் சிங்கம். இது வாளோட நிக்குது, அது குதிரையோட நிக்குது. நீங்கள் எந்தக் கூட்டுக்குள்ள இருக்கப் போறியள்?"

"பகிடி விடாதையும். இதுக்கு ஒரு முறை இருக்கு," என்றார் குலசேகரம். "கொழும்பில இறங்கேக்க இதைக் காட்டவேணும். ஹீத்ரோவில இறங்கேக்க அதைக் காட்டவேணும். ரெண்டையும் ஒரே நேரத்தில ஒருத்தனுக்கும் காட்டக்கூடாது."

அந்தளவில் நின்றிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் குலசேகரம் இதைக் கோயிலில் சொன்னார், வேலையிடத்தில் சொன்னார், அப்பர் டூட்டிங் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த கணேசலிங்கத்துக்கு மூன்று தடவை சொன்னார். சொல்லச் சொல்லச் சட்டம் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போனது. ஏப்ரலில் "காட்டக்கூடாது" என்று இருந்தது, மே மாதம் பிறந்தபோது "காவக்கூடாது" என்று, அதாவது இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகவே கூடாது என்று, ஆகிவிட்டது. இரண்டு பாஸ்போர்ட்டோடு பிடிபட்டவனின் கதை ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. ஆள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் வெள்ளவத்தையில் அவருடைய அக்கா தவநாயகியின் மகளுக்குக் கல்யாணம். அக்காவைக் கண்டு பதினைந்து வருடம். செல்வமலரின் கடையில் ஜூன் மாதம் லீவு தரமாட்டார்கள், இங்கேயும் அது கல்யாணக் காலம். மகன் மான்செஸ்டரில் சோதனை எழுதிக்கொண்டிருந்தான். ஆகவே குலசேகரம் தனியாகப் போனார். ஹீத்ரோவில் டிக்கெட்டையும் இலங்கைப் பாஸ்போர்ட்டையும் நீட்டினார். போகும் நாட்டின் புத்தகம் கையில் இருந்ததால் யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டம் தெரிந்த மனுஷன் என்ற நிமிர்வோடு செல்வமலருக்குக் கை காட்டிவிட்டு உள்ளே போனார்.

மூன்று கிழமை கழித்து, அவர் திரும்பி வரவேண்டிய நாள் காலையில், செல்வமலர் மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு விமானம் இறங்கியிருக்குமா என்று மணிக்கூட்டைப் பார்த்தாள். ரெலிபோன் அடித்தது.

"மலர், ஒரு சின்னப் பிரச்சினை."

"எங்க நிக்கிறியள், ஹீத்ரோவிலயோ?"

"இல்லை. வெள்ளவத்தையில."

செல்வமலர் அடுப்பைக் குறைத்தாள். கதை துண்டு துண்டாக வந்தது. விமான நிலையத்தில் டிக்கெட்டைப் பார்த்த பெண், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டு, லண்டன் விசா எங்கே என்று கேட்டாளாம். எனக்கு விசா தேவையில்லை, நான் பிரிட்டிஷ் பிரஜை என்று இவர் சொன்னாராம். அப்படியென்றால் அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்றாளாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அது லண்டனில இருக்கெண்டு சொன்னன்."

"அதுக்கு அவள்?"

"மேலாளைக் கூப்பிட்டவள். நான் அவருக்குச் சட்டத்தை விளங்கப்படுத்தினனான்."

"விளங்கினதோ அவருக்கு?"

"அவர் என்ர சூட்கேஸை இறக்கச் சொல்லிப்போட்டார்."

செல்வமலர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பா, கவலையா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு, "பிரிட்டிஷ் எம்பசியில கேட்டனீங்களோ?" என்றாள்.

"போன் பண்ணினனான். அவசரப் பத்திரம் எடுக்கலாமாம், ஆனா அதுக்கு விசாரணை, படம், அத்தாட்சி எண்டு நாள் எடுக்குமாம். வீட்டில பாஸ்போட் இருந்தா எடுப்பிக்கிறதுதான் சுகமாம்."

"சரி, எங்க வச்சனீங்கள்?"

குலசேகரம் பேசிக்கொண்டிருந்தது தெருக்கரையில் இருந்த ரெலிபோன் கடையில். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பாஸ்போர்ட் இருக்கும் இடத்தைப் பலர் முன்னால் சொல்வதா? அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வழக்கமாக் கோபப்படுற இடம் இருக்கெல்லே, அதுக்குள்ள."

"இஞ்சாருங்கோ, அப்பிடிப் பாத்தா இந்த வீடு முழுக்கத் தேடவேணும்."

லைன் அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நீலா தேடுவதற்கு உதவியாக வந்தாள். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, இங்கே நர்ஸுக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். இருவருமாகக் குலசேகரம் கோபப்படும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுடுதண்ணி வராத நாட்களில் அவர் நின்று கத்தும் பொயிலர் அலுமாரியைப் பார்த்தார்கள். இழுத்தால் எப்போதும் இறுகிக்கொள்ளும் மேசை லாச்சியைப் பார்த்தார்கள். கவுன்சிலில் இருந்து வந்த கடிதங்களைப் போட்டுவைக்கும் சப்பாத்துப் பெட்டியையும் பார்த்தார்கள். ஒன்றிலும் இல்லை.

"எங்க நாட்டுல ரெண்டு பாஸ்போட்டு வச்சுக்க விடமாட்டாங்க," என்றாள் நீலா, கட்டிலுக்கு அடியில் இருந்து தலையை நீட்டி. "அதுவும் ஒரு வகையில நல்லதுதான். தொலைச்சாலும் ஒண்ணுதானே தொலையும்."

தேநீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் செல்வமலரின் கண் ரீவிக்குக் கீழே இருந்த வீடியோ டெக்கில் விழுந்தது. அது வாங்கி நாலு வருடம். இத்தனை சட்டங்களை வாசித்து விளங்கிக்கொண்ட மனிதரால், யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒரு நிகழ்ச்சியைத் தானாகப் பதியவைக்க இன்றுவரை முடியவில்லை. ஒவ்வொரு கிழமையும் அதற்கு முன்னால் முழங்காலில் நின்று பல்லைக் கடிப்பார். அந்த டெக் வந்த மட்டைப் பெட்டி உடுப்பு அலுமாரிக்கு மேலே இருந்தது. கதிரை போட்டு ஏறி அதை இறக்கினாள்.

பெட்டிக்குள் விளக்கப் புத்தகத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. குடியுரிமைச் சான்றிதழும் இருந்தது. அதற்கும் அடியில் மூலை வெட்டி ரத்துச் செய்த ஒரு பழைய நீலப் புத்தகம்.

நீலா கேட்டாள், "அது என்னக்கா?"

செல்வமலர் அதை நெடுங்காலமாகப் பார்த்ததில்லை. அகதியாக ஏற்றுக்கொண்டபோது அவருக்குக் கொடுத்த பயணப் பத்திரம் அது. முதல் பக்கத்துப் படத்தில் குலசேகரம் ஒல்லியாக, தலை நிறைய மயிரோடு, யாரோ அடிக்கக் கை ஓங்கியது போன்ற பார்வையோடு இருந்தார். அடுத்த பக்கத்தில் அந்தப் புத்தகம் எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று தட்டச்சில் ஒரு வரி இருந்தது: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்.

உலகத்தில் ஒன்றைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று சொன்ன புத்தகத்தை மனுஷன் ஏழு வருடம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருடைய அம்மா செத்தது அந்த ஏழு வருடத்துக்குள்தான். செல்வமலர் அந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தாள். இரண்டு புத்தகத்தோடு பிடிபட்டவனின் கதையெல்லாம் சும்மா என்று அப்போது அவளுக்குப் பட்டது. ஒரே ஒரு தடவையாவது அந்த ஒரு நாட்டின் புத்தகத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போய் இறங்க ஆசைப்பட்டிருக்கிறார். அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

"ஒண்டுமில்லை, பழசு," என்று நீலாவிடம் சொல்லிவிட்டு நீலப் புத்தகத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

கணேசலிங்கம் அந்த வியாழக்கிழமை கொழும்புக்குப் போவதாக இருந்தார். செல்வமலர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அரிசி மூட்டையில் சாய்ந்தபடி அனுதாபத்தோடு கேட்டார். அவர் முகத்தில் அனுதாபத்தோடு சேர்ந்து வேறொரு மகிழ்ச்சியும் ஓடியது. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கமுடியுமா என்று கேட்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"ஏலாது தங்கச்சி. கோவியாதையுங்கோ."

"ஏன் அண்ணை?"

"மற்றாளின்ர பாஸ்போட்டைக் காவினா நேரா மறியலுக்குத்தான் போறதாம், கம்பி எண்ணுறதாம்."

"ஆர் சொன்னது?"

"வேற ஆர்? குலசேகரத்தார்தான். மூண்டு தரம் சொன்னவர்."

ஆகவே கூரியர் கம்பனி ஒன்றில் பார்சலாகப் பதிந்து அனுப்பினாள். அன்று மாலை வெள்ளவத்தையில் இருந்து அழைப்பு வந்தபோது, அனுப்பியாயிற்று என்று சொன்னாள்.

"கண்டுபிடிச்சிட்டீரோ? நான் நினைச்சன், நீர் பொயிலருக்குள்ள தேடுவீரெண்டு."

"முதல் அங்கதான் தேடினனாங்கள். இஞ்சாருங்கோ, ஊரில எப்பிடி இருக்கு? இறங்கேக்க என்ன சொன்னவங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. புத்தகத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான், சீல் அடிச்சுத் தந்தான். அரை நிமிஷமும் இல்லை. அதுக்குப் பிறகு ரோட்டில நிண்ட ஆமிச் சென்றிக்காரன்தான் ஒரு மணித்தியாலம் மறிச்சு வச்சவன்."

"அரை நிமிஷம் நல்லா இருந்ததோ?"

"ஓம்," என்றார் அவர். சட்டம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர் ரெலிபோனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த நாட்கள் செல்வமலருக்குக் குறையின்றிப் போயின. ஒருநாள் பின்னேரம் அந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தாள். முக்கால் மணித்தியாலத்தில் வீடியோ டெக் அவள் சொன்னதைக் கேட்கத் தொடங்கியது. நீலாவும் அவளும் இரண்டு படம் பார்த்தார்கள். வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் அந்த அமைதி அவளுக்குக் கொஞ்சம் கூடிப்போய்விட்டது போலிருந்தது.

குலசேகரம் வந்திறங்கியது அவர் வரவேண்டிய நாளிலிருந்து பத்தாம் நாள், ஒரு புதன்கிழமை பகல். செல்வமலர் அரைநாள் லீவெடுத்து ஹீத்ரோவுக்குப் போனாள். கறுப்பு ஒரு பிடி கூடி, வயிறு இரண்டு பிடி கூடி, கையில் முருங்கைக்காய்க் கட்டோடு வெளியே வந்தார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

பாதாள ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், "அப்ப என்னென்ன கஷ்டப்பட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"சொல்லி வேலையில்லை. எத்தினை கந்தோர், எத்தினை படிவம். அலைஞ்ச அலைச்சல்."

"பாவம்."

"கூரியர்காரனும் பிந்தித்தான் தந்தவன்."

ஹவுன்ஸ்லோ நிலையத்தில் கதவு திறந்து மூடியது. செல்வமலர் கைப்பையில் இருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். பார்சல் கிடைத்ததா என்று கூரியர் கம்பனிக்குப் போன் செய்து கேட்டபோது குறித்துவைத்தது.

"வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்குக் குடுத்தாச்செண்டு எனக்குச் சொன்னவங்கள். தவநாயகி எண்டு கையெழுத்தும் வச்சிருக்காம். இண்டைக்குப் புதன்."

குலசேகரம் முருங்கைக்காய்க் கட்டை ஒரு தொடையில் இருந்து மறு தொடைக்கு மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் அங்கே தரைக்கு மேலே ஓடியது, வெளியே ஒரு மதிலும் சில செடிகளும் போய்க்கொண்டிருந்தன.

"கல்யாண வீட்டில அக்காவோட கதைக்கவே கிடைக்கேல்லை, மலர்," என்றார் கடைசியில். "சனம் போனாப் பிறகுதான் இருந்து கதைச்சனாங்கள். அம்மான்ர கடைசி நாளைப் பற்றி எல்லாம் சொன்னா. பாஸ்போட் வந்த அண்டைக்கு அவ அதை வாங்கித் தலகாணிக்குக் கீழ வச்சுப்போட்டு, இன்னும் நாலு நாள் நில்லடா, பேந்து தாறன் எண்டா."

"நீங்கள் அவவுக்குச் சட்டத்தை விளங்கப்படுத்தேல்லையோ?"

"இல்லை," என்றார் குலசேகரம். "அதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லை."

செல்வமலர் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். முருங்கைக்காய்க் கட்டு அவர் மடியில் இருந்து வழுகிக்கொண்டிருந்தது. அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மீன் கறியோடு இதைப் போடுவதா, தனியாக வைப்பதா என்று அவரிடம் கேட்டாள்.