மேனேஜரின் வயிறு

மேனேஜர் என்பது நாயின் பெயர். நாள் முழுக்கத் தூங்கும். யாராவது வாசலில் நின்றால் எழுந்து நாலு குரை குரைத்துவிட்டு, அன்றைய வேலை முடிந்ததென்று மறுபடி படுத்துக்கொள்ளும். மகள் வைத்த பெயர். கல்லூரியில் படித்தபோது அதைக் குட்டியாகத் தூக்கிவந்து, "எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன்" என்று சத்தியம் செய்தவளும் அவள்தான். மூன்று மாதம் பார்த்தாள். அப்புறம் வேலை, கல்யாணம், வேறு ஊர். நாய் அம்மா தலையில் விழுந்தது.

அம்மா தையல்காரி. வீட்டின் பின்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். நாய்ப் பிரியை ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாக அதற்குச் சோறு வைத்தாள், உண்ணி பிடுங்கினாள், மழையில் நனைந்துவந்தால் திட்டிக்கொண்டே துவட்டினாள், அவ்வளவுதான். நாயை நேசிப்பது அவள் கணவரின் இலாகா. அவர் அலுவலகம் ஒன்றில் பிரிவுக் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜரின் தோளில் கை போட்டுப் படம் எடுத்து, 'இவன் நாயல்ல, என் மூத்த மகன்' என்று நாற்பது பேருக்கு அனுப்புவார். மூத்த மகனின் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறதென்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் பின்னறைக்குள் போனபோது நாய் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது நின்று அவள் பார்த்ததே இல்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. வாந்தி எடுக்க முக்கியது. உடம்பெல்லாம் குலுங்கியதே தவிர ஒன்றும் வரவில்லை. வயிறு உப்பி விறைத்திருந்தது. தட்டினால் காலி டின் மாதிரிச் சத்தம்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. நாய்க்கு என்னமோ ஆயிடுச்சு."

கண்காணிப்பாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து கதவோரம் நின்றார்.

"ஆமா. காலையில அஞ்சரைக்கே இப்படித்தான் இருந்துச்சு."

"அஞ்சரைக்கா? பாத்தீங்களா?"

"பாத்தேன். எப்படியும் நீ எந்திரிச்சா பாப்பேன்னு விட்டுட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கும் முகம். புதிதாக அதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. போர்வை ஒன்றை உருவி நாயை அதில் கிடத்தி, ஒரு முனையை அவர் கையில் திணித்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பினாயில் வாடை, எடை பார்க்கும் மேடை. ஒரு மூலையில் கூடையில் பூனையோடு ஒரு பருத்த அம்மாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வயித்துல காத்து அடைச்சு, வயிறே முறுக்கிக்கிச்சு. ஊசியால குத்திக் கொஞ்சம் காத்தை எறக்கியிருக்கேன். அது தாங்காது. தொறந்து முறுக்கை எடுத்துத் தைக்கணும். அறுபதாயிரம் ஆகும், பாதியை இப்பவே கட்டணும். வேண்டாம்னா வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிடலாம். எதுவா இருந்தாலும் அரை மணி நேரத்துல சொல்லுங்க. நேரம் ஆக ஆக வயிறு உள்ளேயே செத்துக்கிட்டு வரும்."

ஒரு படிவம் கொடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள். ஆபரேஷன் செய்யலாம். ஊசி போட்டு முடிக்கலாம். மருத்துவர் சொல்லை மீறி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஏதாவது ஒன்றில் டிக் போட்டுக் கீழே கையெழுத்து.

இதற்குள் அப்பா அனுப்பிய செய்தியைப் பார்த்து மகளிடமிருந்து ஃபோன். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"அம்மா, எப்படியாவது காப்பாத்தும்மா. அவன் என் உயிரும்மா."

"சரி. உன் உயிருக்கு அறுபதாயிரம் கேக்கறாங்க."

அழுகை டக்கென்று நின்றது. "அவ்வளவா? இல்லம்மா, இந்த மாசம்தான் இங்க சோஃபா மாத்தினோம்... அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லட்டுமா?"

"கேளுடி. நிதானமாக் கேளு. உக்காந்து கேக்கத்தான் சோஃபா இருக்கே."

அவள் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கண்காணிப்பாளரைக் காணவில்லை. படிவம் நாற்காலியில் கிடந்தது. கீழே அவருடைய கையெழுத்து, வாலைச் சுழற்றி, அடியில் இரண்டு புள்ளி வைத்து, அம்சமாக இருந்தது. மூன்று கட்டங்களும் காலி.

இது அவர் தொழில் செய்யும் முறை. இருபத்தாறு வருடமாக ஒரு ஃபைலையும் அவர் ஏற்றதில்லை, மறுத்ததும் இல்லை. முடிவு எழுத வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். கீழே இருக்கும் குமாஸ்தா வேறு வழியில்லாமல் அதை நிரப்புவான். நல்லதாக முடிந்தால், 'நம்ம பிரிவு'. வம்பாக முடிந்தால், 'நான் பார்த்ததுக்குத்தான் கையெழுத்து, எழுதினது அவன்'. இப்படியே மூன்று பதவி உயர்வு வாங்கிவிட்டார். சாமர்த்தியசாலி என்று பெயர் வேறு.

வீட்டுக் குமாஸ்தா அவள். மகளின் கல்லூரி விண்ணப்பம், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் நிறம் எல்லாம் அவள் நிரப்பியதுதான். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் என்றபோதும் இதேபோல் ஒரு தாள். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காற்று வாங்கப் போனார், அவள் டிக் போட்டாள். மாமியார் மறுபடி நடக்கவில்லை. "அன்னிக்கு நீதானே டிக் பண்ணினே" என்று அவர் சொல்வதை ஆறு வருடமாகக் கேட்கிறாள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட அது வரும்.

"சார் பாவம்," என்றாள் பூனைக்கார அம்மாள். "மனசு தாங்கல. அழுகையை மறைக்க வெளிய போயிட்டாரு."

"டீ குடிக்கப் போயிருக்காரு."

டீக்கடையில்தான் இருந்தார். தம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். அவள் படிவத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கட்டம் காலியா இருக்கு."

"நான்தான் கையெழுத்து போட்டுட்டேனே."

"எதுக்குப் போட்டீங்க?"

"நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்னுதான். உன் பேச்சை நான் எப்பத் தட்டியிருக்கேன்?"

"ஆபரேஷன் பண்ணி செத்துப்போச்சுன்னா?"

"அப்பவும் நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். ஏதோ நீ அவசரப்பட்டுட்டேன்னு விட்டுடுவேன்."

"பொழைச்சா?"

"பொழைச்சா நமக்குச் சந்தோஷந்தானே!"

செத்தால் நீ, பிழைத்தால் நாம். அவள் படிவத்தோடு திரும்பி நடந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிருந்தது.

அவளுடைய வங்கிக் கணக்கில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. சீருடை தைத்துச் சேர்த்தது. இடது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தை. ஒரு வருடமாக வலது பக்கத்தால் மட்டும் மென்றுகொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பல் டாக்டரிடம் போக நாள் குறித்திருந்தது.

நிரப்பாமல் விட்டால் என்ன? கட்டம் காலி, கீழே அவர் கையெழுத்து, உள்ளே செத்த நாய். 'மூத்த மகனைக் கொன்னுட்டீங்களே' என்று சாகும்வரை சொல்லிக்காட்டலாம். நாற்பது பேருக்கு அனுப்பலாம். நினைக்கவே வாய்க்கு ருசியாக இருந்தது. ஐந்து நிமிடம் அந்த ருசியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தபோது மேஜைமேல் நாயின் வயிறு தெரிந்தது. ஊசி இறக்கிய காற்று மறுபடி ஏறியிருந்தது. இந்தக் குடும்பத்தின் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாத ஒரே ஜீவன் அது. ஆறு வருடம் கேட்டாயிற்று, இன்னொரு பத்து வருடமும் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுந்தாள்.

வரவேற்பு மேஜைக்குப் போய்ப் படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"வேற ஒண்ணு குடும்மா."

முதல் கட்டத்தில் டிக் போட்டாள். கீழே தன் கையெழுத்து. வரவேற்புப் பெண் தயங்கினாள்.

"நாயோட கார்டுல சார் பேருல்ல இருக்கு?"

"அடிச்சுட்டு என் பேரை எழுது. பணமும் நான்தான் கட்டறேன், இப்பப் பாதி, மீதியைத் தைச்சுக் கட்டறேன்."

ஐந்து நிமிடத்தில் நாயை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கண்காணிப்பாளர் ஏலக்காய் மணக்க வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். கார்டில் தன் பெயர் அடிபட்டிருப்பதையும் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தால் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகவும் இருந்தாள். வரவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவர்போல அவர் தோள் இரண்டும் தளர்ந்தன.

"அப்ப நீயே போட்டுட்டியா? நல்லதாப் போச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள ஆபரேஷன்தான்னு தோணிக்கிட்டே இருந்துச்சு."

"உங்களை மாதிரி வாயில்லா ஜீவனுக்குச் செலவு பண்ற மனுஷங்க இந்தக் காலத்துல யாரு சார்?" என்றாள் பூனைக்கார அம்மாள்.

"பணம் என்னங்க பணம், இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும்," என்றார் அவர்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினாள்.

"உயிரோட இருக்கு. ஆனா வயித்துல ஒரு பகுதி கறுத்துப்போயிருந்துச்சு, வெட்டி எடுத்துட்டேன். ரெண்டு நாள் போனாத்தான் உறுதியாச் சொல்லமுடியும். இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா வெட்டவே வேண்டியிருந்திருக்காது."

"அதைத்தான் டாக்டர் நானும் இவகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் கண்காணிப்பாளர்.

"அஞ்சரை மணிக்கே பாத்தது இவர்தான், டாக்டர்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நான் எந்திரிச்சுப் பாத்துக்குவேன்னு மூணு மணி நேரம் விட்டுட்டாரு."

டாக்டர் அவரைப் பார்த்தாள். பூனைக்கார அம்மாள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். பாராட்டியதைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கண்காணிப்பாளர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாக வாசித்தார்.

நாய் மயக்கம் தெளியும்போது குளிரில் நடுங்கும், கனமான போர்வை ஒன்று வேண்டும் என்றார்கள். கொண்டுவந்த போர்வை எச்சிலும் ரத்தமுமாக ஊறிக்கிடந்தது. அவள் அவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். போர்வை, அவ்வளவுதான், குழந்தைகூட வாங்கிவரும்.

ஏழாவது நிமிடம் அவள் ஃபோன் அடித்தது.

"இங்க நீலத்துல ஒண்ணு இருக்கு, பழுப்புல ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே விலைதான். எதை வாங்கட்டும்?"

அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தாள்.

"ஹலோ? கேக்குதா? நீலமா, பழுப்பா?"

பின்னாலிருந்து கடைக்காரர், "சீக்கிரம் சொல்லுங்க சார், ஆளுங்க நிக்கறாங்க" என்பது தெளிவாகக் கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.